மாரிக்கு முன் ஒயில் மாற்றுங்கள்: மோட்டார்ஹோம் வைத்திருப்போருக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலையில் மோட்டார்ஹோம் என்றால் பெரும்பாலும் அது ஒரு டொயோட்டா ஹையேஸ் வேன்தான். பின் ஆசனங்களைக் கழற்றிக் கட்டில் போட்டு, கதவோரம் எரிவாயு அடுப்பும் தண்ணீர்த் தாங்கியும் பொருத்தி, கூரையில் சூரியத் தகடு ஏற்றியிருப்பார்கள். வசதியுள்ள சிலர் ரோசா பஸ்ஸை அப்படி மாற்றியிருக்கிறார்கள். பாடசாலை விடுமுறைக்கு நுவரெலியா, ஆடியில் கதிர்காமம், ஆவணியில் நல்லூர் என்று ஓடிவிட்டு, மிச்ச நாட்களில் முற்றத்து மாமரத்தடியில் நிற்கும். இப்படி நின்றுகொண்டிருப்பதுதான் இந்த வாகனத்தின் ஒயில் கணக்கை மற்ற வேன்களின் கணக்கிலிருந்து வேறாக்குகிறது.

சேர்விஸ் நிலையத்தில் ஒயில் மாற்றினால் அடுத்த 5,000 கிலோமீற்றரைக் குறித்து ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள். தினமும் கொழும்புக்கு ஆள் ஏற்றி ஓடும் வேனுக்கு அது பொருந்தும். வருடத்தில் 3,000 கிலோமீற்றர்கூட ஓடாத வேனின் உரிமையாளர் அந்த ஸ்டிக்கரை மட்டும் பார்த்திருந்தால், ஒரே ஒயிலோடு இரண்டு மாரியைக் கடந்துவிடுவார். ஓடாத எஞ்சினில் ஒயில் கெடாது என்ற நினைப்பு பலரிடம் இருக்கிறது. உண்மை அப்படியில்லை. டீசல் எரியும்போது நீராவி உண்டாகிறது. டீசலில் இருக்கும் கந்தகத்தால் அமிலமும் உண்டாகிறது. இரண்டிலும் ஒரு பங்கு பிஸ்டன் வளையங்களைக் கடந்து ஒயிலுக்குள் இறங்கிவிடும். அந்த அமிலத்தை முறிப்பதற்கென்றே ஒயிலில் காரத்தன்மையுள்ள சேர்மானங்களைக் கலக்கிறார்கள். அவை தீர்ந்துபோனால், எஞ்சினின் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகளை அமிலம் அரிக்கத் தொடங்கும். நாம் அடிக்கும் ஒட்டோ டீசலில் சுப்பர் டீசலைவிடக் கந்தகம் அதிகம் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். நீண்ட தூரம் ஓடினால் எஞ்சின் நன்றாகச் சூடேறி, ஒயிலில் கலந்த ஈரம் ஆவியாகிப் போய்விடும். சந்தைக்கும் கோயிலுக்கும் ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தும் வேனில் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

ஆகவே 5,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம், இரண்டில் எது முந்துகிறதோ அப்போது மாற்றுங்கள். வருடத்தில் எந்த மாதம் என்பதும் முக்கியம். மழையெல்லாம் ஓய்ந்த பிறகு, தை, மாசியில் வேனைக் கழுவித் துடைக்கும்போது ஒயிலையும் மாற்றுவதுதான் இங்கே வழக்கம். நான் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறேன். புரட்டாசி முடிவதற்குள் மாற்றிவிடுங்கள். வாடை தொடங்கி மழை பிடித்தால் வேன் இரண்டு மூன்று மாதங்கள் அசையாமல் நிற்கப்போகிறது. அந்த மாதங்களில் எஞ்சினின் உட்புறம் அமிலமும் ஈரமும் ஏறிய பழைய ஒயிலில் ஊறிக்கிடப்பதைவிட, புதிய ஒயிலில் நிற்பதுதான் பாதுகாப்பு. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே, யானைகள் வீதிக்கு வரும் நேரத்தில், பிள்ளைகளோடு எஞ்சின் நின்றுபோவதை ஒருவரும் விரும்பமாட்டார்கள்.

வாங்க வேண்டியவை

முதலில் வாகனத்தின் கையேட்டில் ஒயிலின் தரத்தையும் அளவையும் பாருங்கள். கையேடு இல்லையென்றால் எஞ்சின் இலக்கத்தோடு உதிரிப்பாகக் கடைக்குப் போனால் சொல்வார்கள். பழைய ‘டொல்பின்’ ஹையேஸில் இருக்கும் ‘3எல்’ என்ற வகை டீசல் எஞ்சினுக்கு பில்டரோடு சேர்த்து ஏறத்தாழ 6 லீற்றர் வேண்டும். அதற்குப் பிந்திய கேடிஎச் வகை ஹையேஸ் வேன்களுக்கு 7 லீற்றர் அளவில் வேண்டும். 4 லீற்றர் கேன் ஒன்றும் மிகுதிக்கு ஒரு லீற்றர்ப் போத்தல்களும் வாங்கினால் சரியாக வரும். பழைய டீசல் எஞ்சின்களுக்கு 15டபிள்யூ-40 என்ற தடிப்புள்ள ஒயில் போதும். நுவரெலியாவின் மார்கழிக் குளிரைக்கூட அது தாங்கும். கேனின் பின்புறத்தில் ஏபிஐ (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம்) தரம் சிஎப்-4 அல்லது அதற்கு மேல், சிஎச்-4, சிஐ-4 என்று இருக்க வேண்டும்.

ஜப்பானிலிருந்து வந்த கேடிஎச் வேன்கள் சிலவற்றின் புகைபோக்கிக் குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் டிபிஎப் என்ற வடிகட்டி இருக்கும். அவற்றுக்குச் சாம்பல் குறைந்த, டிஎல்-1 என்ற ஜப்பானியத் தரம் குறிப்பிட்ட ஒயில்தான் ஊற்ற வேண்டும். மற்ற ஒயிலின் சாம்பல் சேர்ந்து சேர்ந்து அந்த வடிகட்டியை அடைத்துவிடும். புதிதாக மாற்றுவதென்றால் பெரும் செலவு.

எந்த நிறுவனத்தின் ஒயில் என்பதைவிட அது உண்மையான ஒயிலா என்பதுதான் கேள்வி. சீனன்குடாவில், பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் பகுதியிலேயே, லங்கா ஐஓசி தன் சேர்வோ ஒயிலைக் கலக்கிறது. நல்ல ஒயிலுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. ஆனால் மூடியின் வளையம் உடைந்த கேனையும், வழக்கத்தைவிட மிக மலிவாகத் தரும் பில்டரையும் எடுக்காதீர்கள். போலி பில்டரின் உள்ளே இருக்கும் காகிதம் அழுத்தத்தில் கிழிந்தால் அந்தத் துகள் நேராகப் பேரிங்குக்குப் போகும். ஒயில், பில்டர் இவற்றோடு, பழைய ஒயிலை வடிக்கத் திறக்கும் ட்ரெயின் நட்டுக்கு ஒரு புது வாஷரும் கேட்டு வாங்குங்கள். மிகச் சிறிய செலவுதான்; அதை மிச்சம் பிடித்தால் முற்றத்தில் சொட்டுச் சொட்டாக ஒயில் விழும்.

மற்றபடி ட்ரெயின் நட்டுக்குச் சரியாகப் பொருந்தும் சொக்கட் அல்லது வளைய ஸ்பானர், பில்டர் கழற்றும் பட்டி, அகலமான தட்டு, புனல், கையுறை, பழைய துணி, மூடியுள்ள வெற்றுக் கேன்கள் வேண்டும். பக்கவாட்டில் வெட்டிய பழைய 20 லீற்றர் பிளாஸ்டிக் கேன் நல்ல தட்டாகும். திறந்த வாய் ஸ்பானரை ட்ரெயின் நட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள். கடற்காற்றில் துருப்பிடித்த நட்டின் மூலைகளை அது உருட்டிவிடும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரத்தில் வேன் நிற்பதென்றால், முதல்நாள் மாலையே நட்டைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு நீக்கும் திரவம் அடித்துவிடுங்கள்.

வேன் நிற்கும் இடமும் உங்கள் உயிரும்

ஒயில் மாற்றுவதில் எஞ்சினுக்கு வரக்கூடிய ஆபத்துகளை எல்லாரும் பேசுவார்கள். அடியில் படுப்பவருக்கு வரும் ஆபத்து அதைவிடப் பெரிது. மோட்டார்ஹோம் வெறும் வேனைவிடப் பல நூறு கிலோ அதிகம் பாரமானது. கட்டில், அலுமாரி, குளிர்பெட்டி, மேலதிக பற்றரி எல்லாம் ஏறியிருக்கிறது. 60 லீற்றர்த் தாங்கியில் தண்ணீர் நிறைந்திருந்தால் அதுவே 60 கிலோ. வேன் அசையும்போது அதுவும் ஆடும். அதனால் முதலில் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். எரிவாயு சிலிண்டரின் வால்வை மூடுங்கள். உள்ளே யாரும் இருக்கக்கூடாது. பிள்ளைகள் கட்டிலில் படுத்து விளையாடுவது வழக்கமென்றால் இறக்கிவிட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேனைத் தூக்கும் ஜக் போடாமலே ட்ரெயின் நட்டைக் கை எட்டுமென்றால் ஜக் போடவே வேண்டாம். ஹையேஸின் அடியில் ஒல்லியானவர் ஒருவர் பக்கவாட்டில் நுழைந்து வேலை செய்ய முடியும். வேன் சமமாக நின்றால் ஒயிலும் முழுதாக வடியும். தெரிந்தவரின் கராஜில் சேர்விஸ் குழி இருந்தால் இன்னும் நல்லது.

தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால், சீமெந்துத் தரையில் மட்டும் தூக்குங்கள். நம் முற்றங்கள் பெரும்பாலும் மணல். மணலில் ஜக் சரியும். சரியும்போது சத்தம் போட்டு எச்சரிக்காது. வேறு வழியில்லையென்றால் இரண்டு அங்குலத் தடிப்புள்ள அகலமான பலகையை அடியில் வையுங்கள். ஜக் தூக்குவதற்கு மட்டுமே உரியது. தூக்கிய பாரத்தை இரும்பு ஸ்டாண்ட் தாங்க வேண்டும். வீடு கட்டி மிஞ்சிய சீமெந்துக் கற்களை அடுக்கி அதன்மேல் வேனை நிறுத்துபவர்களை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே குழியுள்ள அந்தக் கல் வெடிப்பே காட்டாமல் ஒரு நொடியில் தூளாகிவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஹாண்ட்பிரேக், கியர், பின்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை, இவை மூன்றும் போட்ட பிறகு வேனைக் கையால் பலமாகத் தள்ளிப் பாருங்கள். அசையவில்லை என்றால்தான் அடியில் போக வேண்டும். வீட்டில் ஒருவருக்கு நீங்கள் வேனின் அடியில் இருப்பது தெரிந்திருக்கட்டும்.

காலை ஆறு, ஏழு மணிதான் ஏற்ற நேரம். வெயில் ஏறினால் சீமெந்துத் தரையில் முதுகு வைக்க முடியாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணல் பறந்து திறந்த எஞ்சினுக்குள் விழும்.

வடித்தல்

வேனைத் தூக்குவதற்கு முன் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். சூடான ஒயில் இளகி, அடியில் படிந்த கசடையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். வந்தவுடன் திறக்காமல் கால் மணி நேரம் ஆறவிடுங்கள்; கொதிக்கும் ஒயில் கையைச் சுட்டுவிடும். ஹையேஸில் எஞ்சின் முன் ஆசனங்களின் கீழ் இருக்கிறது. ஆசனத்தைத் தூக்கி, ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். மேலே காற்றுப் போனால் கீழே ஒயில் தடையில்லாமல் வரும்.

இனி அடியில் போய் எஞ்சின் சம்ப்பைக் கண்டுபிடியுங்கள். புதியவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். கியர்பொக்ஸின் அடியிலும் இதேபோல ஒரு நட்டு இருக்கும். அதைத் திறந்து கியர் ஒயிலை வடித்துவிட்டு, எஞ்சினில் மேலும் ஆறு லீற்றர் ஊற்றினால் இரண்டும் கெட்டுவிடும். எஞ்சினின் அடியில் தகரத் தொட்டியாகத் தெரிவது சம்ப். கியர்பொக்ஸ் அதற்குப் பின்னால், பின்சக்கரத்துக்குப் போகும் தண்டோடு சேர்ந்து இருக்கும். வடிவதற்கு முன் இரண்டையும் கையால் தொட்டு அடையாளம் காணுங்கள்.

நட்டை இடஞ்சுழியாகத் திருப்பி இளக்கியபின் விரலால் சுழற்றுங்கள். சுழற்றும்போது அதை மேல்நோக்கி அழுத்திப் பிடித்திருந்தால் கடைசிச் சுற்றுவரை ஒயில் வராது. பிறகு சட்டென்று கையை விலக்குங்கள். முதலில் ஒயில் ஓர் அடி தூரத்துக்கு வளைந்து பாயும். அரை நிமிடத்தில் அழுத்தம் குறைந்து நேர்கீழே இறங்கத் தொடங்கும். தட்டை முதலில் சற்றுத் தள்ளி வைத்து, பிறகு இழுத்துக்கொள்ள வேண்டும். கடற்காற்று அடித்தால் மெல்லிய இழை பக்கவாட்டில் சிதறும். ஒரு அட்டையைத் தடுப்பாக நிறுத்துங்கள்.

வடியும் ஒயிலைக் கவனித்துப் பாருங்கள். சேர்விஸ் நிலையத்தில் கொடுத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது கிடைப்பதில்லை. டீசல் எஞ்சினில் ஒயில் கறுப்பாக இருப்பது நோயல்ல; மாற்றிய சில நாட்களிலேயே கறுக்கும். பால் கலந்த தேநீரின் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது; அது ரேடியேற்றர்த் தண்ணீராக இருந்தால் எஞ்சினின் தலைப்பாகத்துக்கு அடியில் இருக்கும் ஹெட் கஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். விரலில் எடுத்து வெயிலில் பிடிக்கும்போது வெள்ளிப் பொடியாக மின்னினால் பேரிங் தேய்கிறது. ஊற்றிய அளவைவிட அதிகமாக வடிந்து, டீசல் வாடையும் அடித்தால் எரிபொருள் ஒயிலில் இறங்குகிறது. இந்த மூன்றில் எது தெரிந்தாலும் புது ஒயில் ஊற்றி நோயை மறைக்காமல், ஒரு போத்தலில் மாதிரி எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள்.

இருபது நிமிடம் சொட்டவிடுங்கள். அந்த நேரத்தில் டோர்ச் அடித்து அடிப்பாகம் முழுவதையும் பாருங்கள். ஸ்டியரிங் மூட்டுகளின் ரப்பர் கிழிந்திருக்கிறதா, பிரேக் குழாயில் துரு ஏறியிருக்கிறதா, தண்ணீர்த் தாங்கியைத் தாங்கும் பட்டியில் போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா? உப்புக்காற்று மேலே பெயிண்டைத் தொடுவதற்கு முன்பே கீழே இரும்பைத் தின்னத் தொடங்கிவிடும்.

பிறகு நட்டைத் துடைத்து, புது வாஷர் போட்டு, கையாலேயே முழுதும் ஏற்றுங்கள். தொடக்கத்தில் கோணலாகப் பிடித்தால் உடனே கழற்றி மறுபடி ஏற்றுங்கள். வாஷர் பிடித்ததும் ஸ்பானரால் ஒரு சிறு இறுக்கம் போதும். உடல் பலம் முழுவதையும் காட்டினால் சம்ப்பின் புரி கிழிந்துபோகும். பிறகு சம்ப்பையே கழற்ற வேண்டிவரும்.

பில்டர்

சில எஞ்சின்களில் பில்டரைக் கீழிருந்தும், சிலவற்றில் மேலிருந்தும் கழற்ற வேண்டும். தட்டை அதன் நேர்கீழே நகர்த்தியபின் பட்டியால் இளக்குங்கள். உள்ளே ஒரு குவளை அளவு ஒயில் இருக்கும். வாயை மேல்நோக்கிப் பிடித்தே இறக்க வேண்டும்.

இறக்கியதும் பழைய பில்டரின் வாயைத் திருப்பிப் பாருங்கள். அதில் கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறதா? இல்லையென்றால் அது எஞ்சின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விரலால் தடவினால் தெரியும். நகத்தால் கிளப்பி எடுத்துவிடுங்கள். பழைய வளையத்தின்மேல் புதிய பில்டரை ஏற்றினால் முதலில் ஒழுகாது. எஞ்சின் அழுத்தம் ஏறியபின் வளையம் பிதுங்கி, சில நிமிடங்களில் ஒயில் முழுவதும் வீதியில் கொட்டும்.

எஞ்சினில் பில்டர் பொருந்தும் முகத்தைச் சுத்தமான துணியால் துடையுங்கள். புது பில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஒயிலை விரலால் பூசுங்கள். பில்டர் நிமிர்ந்து நிற்கும் எஞ்சினாக இருந்தால் அதனுள்ளும் கொஞ்சம் ஒயில் ஊற்றிக்கொள்ளலாம். முதல் ஸ்டார்ட்டில் அழுத்தம் சீக்கிரம் வரும். கையால் ஏற்றி, ரப்பர் தொட்டதும் அங்கிருந்து முக்கால் சுற்று கையாலேயே இறுக்குங்கள். இறுக்குவதற்குப் பட்டி தேவையில்லை.

ஊற்றுதல்

வேனைத் தூக்கியிருந்தால் இறக்கிவிட்டு, கையேட்டில் உள்ள அளவைவிட அரை லீற்றர் குறைவாக ஊற்றுங்கள். பத்து நிமிடம் பொறுத்து அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். மூடியைப் போட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். சிவப்பு ஒயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். பத்து நொடி கடந்தும் எரிந்தால் நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள். அணையும்வரை அக்சிலேற்றரைத் தொடாதீர்கள். டர்போ (எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் விசிறி) உள்ள எஞ்சினுக்கு ஒயில் வந்துசேர்வதற்குள் சுற்றல் கூடினால் அதன் தண்டு வறண்டு தேயும். இரண்டு நிமிடம் ஓடட்டும். அடியில் படுக்காமல், பக்கத்தில் குனிந்து டோர்ச் அடித்து நட்டையும் பில்டரையும் பாருங்கள்.

எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அளவு பாருங்கள். பில்டர் நிறைந்ததால் கொஞ்சம் இறங்கியிருக்கும். இரண்டு குறிகளுக்கும் இடையில், மேற்குறிக்குச் சற்றுக் கீழே வரும்படி சிறிது சிறிதாக ஊற்றுங்கள். மேற்குறியைத் தாண்டினால் சுழலும் தண்டு ஒயிலை அடித்து நுரையாக்கும். நுரை பேரிங்கைக் காக்காது. திகதியையும் கிலோமீற்றரையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வேனை விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.

கழிவு ஒயில்

கேன்களில் நிரப்பி மூடிய ஒயிலை என்ன செய்வது? பக்கத்து வீட்டு ஐயா எட்டிப்பார்த்து, “தம்பி, கொட்டிவிடாதே, வேலிக் கட்டைக்குப் பூசத் தா” என்று கேட்பார். மரியாதையோடு மறுத்துவிடுங்கள். கரையானுக்கு அது நல்ல மருந்து என்பது இங்கே பழைய நம்பிக்கை. பாவித்த எஞ்சின் ஒயிலில் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்களும் தேய்ந்த உலோகமும் இருக்கின்றன. நம் கரையோரத்து மணல் தண்ணீரைத் தடுப்பதில்லை. கட்டையில் பூசியது மாரி மழையில் கழுவப்பட்டு மணலுக்குள் இறங்கும். மணலுக்குக் கீழே சில அடி ஆழத்தில் நாம் குடிக்கும் கிணற்றுத் தண்ணீர் இருக்கிறது. வளவின் மூலையில் குழி தோண்டி ஊற்றுவதும் அதே கிணற்றில் ஊற்றுவதுதான்.

கராஜ்களிலும் சேர்விஸ் நிலையங்களிலும் கழிவு ஒயிலை பீப்பாயில் சேர்த்துச் சேகரிப்பவர்களுக்குக் கொடுக்கிறார்கள். முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கொண்டுபோனால் வாங்கிக்கொள்வார்கள். தண்ணீரோ டீசலோ கலக்காமல் கொடுங்கள். பழைய பில்டரை ஓர் இரவு கவிழ்த்து வைத்து வடித்தபின் அதையும் அங்கேயே கொடுக்கலாம்.

கையோடு செய்யக்கூடியவை

ஏர் பில்டரைத் திறந்து, வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியவில்லை என்றால் மாற்றுங்கள். புல்மோட்டை, வெருகல் பக்கத்துப் புழுதி வீதிகளில் ஓடிய வேனுக்கு அது எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே தேவைப்படும்.

டீசல் பில்டரின் அடியில் ஒரு சிறு திருகு இருக்கும். டீசலோடு வந்த தண்ணீர் அங்கே தேங்கும். பாதி காலியான தாங்கியோடு மாரியில் நிற்கும் வேனில் இது அதிகம். கண்ணாடிக் குவளை ஒன்றைப் பிடித்துத் திருகை இளக்கி, மேலே உள்ள கைப்பம்பை அழுத்துங்கள். முதலில் வருவது குவளையின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும் தண்ணீர். தெளிந்த டீசல் வந்ததும் மூடி, பம்ப் கையில் கடினமாகும்வரை அழுத்தியபின் ஸ்டார்ட் செய்யுங்கள். மழைக்கு விடும்போது டீசல் தாங்கியை நிரப்பி விட்டால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடமிராது.

வேனில் சிறு ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை மறந்துவிடுவார்கள். அதற்குள் இருப்பது அரை லீற்றர் அளவிலான ஒயில்தான். பெரும்பாலானவற்றில் பில்டரும் இல்லை, அதனால் தேய்ந்த உலோகம் முழுவதும் ஒயிலிலேயே சுற்றும். புது ஜெனரேட்டரில் முதல் 20 மணி நேரத்தில் ஒருமுறையும், பிறகு 100 மணி நேரம் அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் மாற்றுவது பொதுவான கணக்கு. சூடாக இருக்கும்போது பக்கவாட்டில் சாய்த்து, ஊற்றிய துவாரத்தாலேயே வடித்து, வேனுக்கு வாங்கிய டீசல் ஒயிலை ஊற்றாமல் அதன் கையேட்டில் சொன்ன ஒயிலை ஊற்றுங்கள்.